ஏழே கால் லட்சம் கடன், 52,000 வருமானம்: இரண்டு வருஷத்தில் முடியுமா?

உங்கள் கேள்வியை என் பாணியில் திருப்பி எழுதிக்கொள்கிறேன், சரியா என்று பாருங்கள். வயது 32. கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். பிடித்தம் போகக் கைக்கு வருவது 48,000. மனைவி வீட்டிலேயே தைக்கிறார். ஒரு மாதம் நாலாயிரம் வரும், ஒரு மாதம் எட்டாயிரம் வரும். யூகேஜி படிக்கும் பெண் குழந்தை. கிரெடிட் கார்டில் 1,45,000. மொபைல் ஆப்பில் வாங்கிய கடனில் 6,200 வீதம் நாலு தவணை பாக்கி, அதாவது 24,800. பர்சனல் லோன் பாக்கி 3,10,000. வட்டி 14 சதவீதம், இஎம்ஐ 10,900. நகைக்கடன் 1,20,000, ஐந்து மாதத்தில் கெடு. தெரிந்தவரிடம் 3 வட்டிக்கு 50,000. மச்சானிடம் வட்டியில்லாக் கைமாற்று 75,000. கூட்டினால் 7,24,800. பட்ஜெட் போட்டு, சிக்கனமாக இருந்து, இரண்டு வருஷத்தில் இதை முடிக்க முடியுமா, எதை முதலில் அடைப்பது, எல்லாவற்றையும் ஒரே பெரிய லோனாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கு நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறக்கினால் ரெண்டு மூணு மாதத்தில் பழையபடி ஏறிவிடுகிறது." நீங்கள் நிஜமாகவே கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். எதை முதலில் அடைப்பது என்பது அரைப் பக்கக் கணக்கு. ஏன் திரும்பத் திரும்ப ஏறுகிறது என்பதற்குப் பதில் தெரியாமல் அந்தக் கணக்கைப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருஷம் வசூல் பிரிவு. ஈரோடு, திருப்பூர் பக்கம் நூற்றுக்கணக்கான வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பாஸ்புக்கைப் புரட்டியிருக்கிறேன். வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. கீழே சட்டம் பற்றி வருவது வேலையில் தெரிந்துகொண்டது. நோட்டீஸ், கோர்ட் என்று போனால் வக்கீலைப் பாருங்கள். கணக்கு மட்டும் என் சொந்தச் சரக்கு, அதற்கு நான் பொறுப்பு. எண்களை அங்கங்கே கொஞ்சம் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. உங்கள் கார்டுக்கு வட்டி மாதம் மூன்றரை சதவீதம். 1,45,000-க்கு அது 5,075 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 913 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 6,000. நீங்கள் மினிமம் ட்யூ என்று மாதாமாதம் கட்டுவது 7,250. ஆக, கட்டுகிற பணத்தில் அசலுக்குப் போவது 1,260 ரூபாய்தான். அந்த வட்டியும் ஜிஎஸ்டியும் வருஷக் கணக்கில் பார்த்தால் ஐம்பது சதவீதத்துக்கு ஒரு நூல் குறைவு. நீங்கள் பயந்து நடுங்கும் 3 வட்டிக்காரர் வாங்குவது ஆண்டுக்கு 36 சதவீதம். ஏசி ஹாலில் சிரித்துக்கொண்டே கொடுத்த கார்டு அவரைவிட விலை அதிகம். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பாக்கியை முழுசாகக் கட்டாத கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் அந்த ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. இன்றைக்குத் தேய்த்த மளிகைக்கு இன்றையிலிருந்தே வட்டி.

30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்கினால் கேஸ் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அப்படி ஒரு தீர்ப்புக் கொடுத்தது உண்மை. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

இப்போது உங்கள் மாதத்தைப் பார்ப்போம். மனைவியின் வருமானத்தை நான் நாலாயிரமாகவே எடுத்துக்கொள்கிறேன். குறைந்த மாதத்தை வைத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும், எட்டாயிரம் வந்த மாதம் அது போனஸ். மொத்தம் 52,000. கார்டு 7,250, ஆப் 6,200, பர்சனல் லோன் 10,900, 3 வட்டிக்கு 1,500. ஆக 25,850. கடைசி வரியில், கடன் பட்டியலிலேயே இல்லாமல், "சீட்டு 5,000" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் சேர்த்தால் 30,850. வீட்டு வாடகை 9,000. மிச்சம் 12,150. சாப்பாடு, பால், கேஸ், கரண்ட், பெட்ரோல், போன், மருந்து எல்லாம் சேர்ந்து "சுமார் 19,000" ஆகிறது என்கிறீர்கள். மாதாமாதம் ஏழாயிரம் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத்தான் கார்டு மூடுகிறது. ஒரு கையால் 1,260 இறக்கி, இன்னொரு கையால் 7,000 ஏற்றுகிறீர்கள். வசூலுக்குப் போன வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். அவர்கள் ஊதாரிகள் இல்லை. கணக்கே அப்படி அமைந்துவிட்டிருந்தது.

அந்தச் சீட்டுக்கு வருவோம். ஒரு லட்சம் சீட்டு, இருபது மாதம், பதினொன்று கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. குழந்தைக்குக் காதுகுத்து வைக்க மனைவி போட்டது என்கிறீர்கள். தொட மனசு வராது, புரிகிறது. ஆனாலும் என் கணக்கில் உங்கள் மொத்தச் சிக்கலுக்கும் சாவி அதுதான். அடுத்த ஏலத்தில் பத்து சதவீதம் தள்ளுக்கு, அதாவது கழிவுக்கு, எடுத்தால் கைக்கு 90,000 வரும். 50,000-ஐ 3 வட்டிக்காரருக்கு முழுசாகக் கொடுங்கள். 24,800-ஐ ஆப்பில் கட்டி முடியுங்கள். முன்கூட்டி முடித்தால் மீதித் தவணைகளின் வட்டி குறைய வேண்டும், கடன் கொடுத்தபோது அனுப்பிய முக்கிய விவரத் தாளில் அது இருக்கும், பாருங்கள். கையில் 15,200 நிற்கும். அதில் 11,400 நகைக்கடனின் ஒரு வருஷ வட்டிக்கு. நான் அதை ஒன்பதரை சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். உங்கள் ரசீதில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் கழித்து மாற்றி வைக்கப் போகும்போது அதுவரையான வட்டியைக் கட்டினால்தான் மாற்ற விடுவார்கள். பாக்கி 3,800-ஐத் தொடாமல் வையுங்கள்.

தள்ளில் பத்தாயிரம் போகிறதே என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடைசி வரை பொறுத்து எடுத்தாலும் முழு லட்சம் வராது, கம்பெனி கமிஷன் போகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டமே 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஆகவே நிஜ நட்டம் மூவாயிரம், நாலாயிரம். காத்திருக்கும் அந்த ஒன்பது மாதத்தில் 3 வட்டிக்காரருக்கு மட்டும் 13,500 போகும். இதை நீங்கள் வாயால் சொல்லாதீர்கள் தம்பி. ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். காதுகுத்து தள்ளிப்போகலாம், ரத்தாகவில்லை என்பதையும் அதே தாளில், தேதி போட்டு எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாமல் சீட்டு எடுத்துக் கடன் அடைத்த வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். அங்கே கடன் தீர்ந்தது, வேறொன்று ஆரம்பித்தது.

3 வட்டிக்காரரிடம் பணம் கொடுக்கும்போது, எழுதிக் கொடுத்த புரோநோட்டையும், செக் கொடுத்திருந்தால் அதையும் கையோடு வாங்கிவிடுங்கள். "அப்புறம் தேடித் தர்றேன்" என்றால் பணமும் அப்புறம்தான். தெரிந்தவர் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் வரும். மிரட்டல் என்றால் போலீசுக்குப் போக உங்களுக்கு வழி உண்டு. ஆனால் வெற்றுச் செக் ஒன்று அவர் கையில் இருந்தால், அது வங்கியில் திரும்பி, 138-வது பிரிவில் கிரிமினல் வழக்காக உங்கள் மேல் வரக்கூடும். கடன் கட்டாதது சிவில் விவகாரம். செக் திரும்புவது அப்படியில்லை. லோன் இஎம்ஐ தானாகப் பிடிக்கும் ஏற்பாடு பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ன் பணப் பட்டுவாடாச் சட்டத்தில் ஏறக்குறைய அதே விளைவு உண்டு. அதனால் இஎம்ஐ தேதிக்கு முந்தின நாள் கணக்கில் பணம் இருப்பது சிக்கனத்தைவிட முக்கியம்.

அடுத்து கார்டு. வங்கிக்குப் போன் செய்து, மொத்தப் பாக்கியையும் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். என்ன வட்டிக்குத் தருவார்கள் என்பது உங்கள் சிபில் மதிப்பெண்ணையும் அவர்கள் மனநிலையையும் பொறுத்தது, நான் உறுதி சொல்ல முடியாது. 18 சதவீதத்துக்கு 24 மாதம் என்று கிடைத்தால் தவணை 7,239. நன்றாகக் கவனியுங்கள்: இப்போது மினிமம் என்று கட்டிக்கொண்டிருப்பது 7,250. வட்டியின் மேல் ஜிஎஸ்டி முதல் மாதம் 390 போல வரும், பிறகு குறைந்துகொண்டே போகும். கிட்டத்தட்ட அதே பணம். இந்தப் பக்கம் கட்டினால் முடிவே தெரியாது, அந்தப் பக்கம் கட்டினால் 24-வது மாதம் முடிந்துவிடும். முதலில் மறுத்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள், இன்னொருவர் எடுப்பார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விடாமல் கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றிய அன்றைக்கே வங்கி ஆப்பில் போய்க் கார்டின் கடைப் பயன்பாடு, ஆன்லைன் பயன்பாடு இரண்டையும் அணைத்துவிடுங்கள். சாப்பாடு கொண்டுவரும் ஆப்புகளிலும் ஷாப்பிங் தளங்களிலும் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழியுங்கள். கத்தரிக்கோலால் வெட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எண் சேமிப்பில் இருக்கும்வரை வெட்டிய கார்டும் செலவழிக்கும். பாக்கி தீர்ந்த பிறகு கார்டை மூடச் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது.

பர்சனல் லோனைத் தொடாதீர்கள். 14 சதவீதம், ஒழுங்காக ஓடுகிறது, 35 மாதத்தில் தானாக முடியும். இப்படிப்பட்ட லோன் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருக்கும், முன்கூட்டி அடைத்தால் அபராதம் கேட்கலாம். 2026 ஜனவரியிலிருந்து அபராதம் கூடாது என்று வந்திருப்பது மாறும் வட்டிக் கடன்களுக்கு. கையில் உபரி வந்தாலும் அது முதலில் வேறு இடத்துக்குப் போகட்டும்.

எல்லாவற்றையும் ஒரே லோனாக்குவது பற்றி. கணக்குப்படி அது தப்பில்லை. 50 சதவீதக் கடனை 16 சதவீதக் கடனால் அடைப்பது லாபம்தான். ஆனால் நான் பார்த்தவர்களில் பலர், புது லோன் வந்ததும் கார்டு பாக்கி பூஜ்யம் என்று காட்டியதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டு, ஒன்றரை வருஷத்தில் லோன் ஒரு பக்கம், கார்டு ஒரு பக்கம் என்று இரட்டிப்பாகத் திரும்பி வந்தார்கள். ஏழாயிரம் துண்டு அப்படியே இருந்ததே, வேறென்ன நடக்கும்? கார்டைத் தவணையாக மாற்ற வங்கி கடைசி வரை மறுத்தால் மட்டும் இந்த வழியை யோசியுங்கள். அப்போதும் விளம்பரத்தில் போட்ட வட்டியை நம்பாமல் ஆண்டு மொத்த வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். "நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதான் சார்" என்று முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடும் கணக்கு, மூன்று வருஷக் கடனில் குறையும் அசல் மீதான 21 சதவீதத்துக்குச் சமம். 12 என்று காதில் விழும், 21 என்று பையிலிருந்து போகும். தண்டல் பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள்: பத்தாயிரம் என்று சொல்லி 9,000 கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்கினால், அது ஆண்டுக்கு 77 சதவீதம் போல வருகிறது.

பாதிக்குப் பாதி செட்டில்மென்ட் பண்ணித் தருகிறோம் என்று போன் செய்கிறவர்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு அது வேண்டாம். வேலை போய், கட்டவே வழியில்லாதவருக்கான கடைசிப் படி அது. கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். நாளை வீட்டுக்கடனுக்குப் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். வேலை பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்தக் கறை தேவையில்லை. அந்தப் போன்காரர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, "இஎம்ஐ கட்டாதீங்க, நாங்க பேசிக்கிறோம்" என்பார்கள். பேச மாட்டார்கள். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாமா என்று உங்கள் நண்பர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 1920-ம் வருஷத்துத் திவால் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, மனுப் போடலாம்தான். மாதச் சம்பளக்காரர் ஏழு லட்சத்துக்கு அதில் இறங்குவது கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

இப்போது பட்ஜெட். சீட்டை எடுத்து, கார்டை மாற்றிய பிறகு உங்கள் மாதம் இப்படி இருக்கும்: கார்டுத் தவணை ஜிஎஸ்டியோடு 7,629, பர்சனல் லோன் 10,900, மிச்சச் சீட்டு 5,000. மொத்தம் 23,529. முன்பு 30,850. வாயைக் கட்டாமல், வயிற்றைக் கட்டாமல், மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் இறங்கிவிட்டது. இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். ஏழாயிரம் மிச்சம் என்றதும் அதை இன்னொரு கடனில் போட்டு வேகமாக அடைக்கத் தோன்றும். போடாதீர்கள்.

திரும்பத் திரும்ப ஏறுவது ஏன் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். டீக்கடையிலோ சினிமாவிலோ யாரும் மறுபடி கடனில் விழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் வரும்போது விழுகிறார்கள். தீபாவளியில் விழுகிறார்கள். ஆவணி, தை முகூர்த்தங்களில் ஒரே மாதம் நாலு பத்திரிகை வந்து விழுகிறார்கள். வண்டி இன்சூரன்ஸ், ஊர்க் கோயில் நோம்பி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இது ஒன்றும் திடீர்ச் செலவு இல்லை. வருஷா வருஷம் வருகிறது, ஆனால் மாத பட்ஜெட்டில் இடமில்லாததால் வரும்போதெல்லாம் திடீரென்று வந்த மாதிரி இருக்கிறது. உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட் ஒரு வருஷத்துக்குரியதை எடுத்துப் பாருங்கள். எந்தெந்த மாதம் குதித்திருக்கிறது என்று பார்த்தால் காலண்டரே தெரியும்.

உங்களுக்கு நான் போட்ட கணக்கு: ஸ்கூல் ஃபீஸ் 24,000, தீபாவளி 12,000, மொய் சீர் 10,000, நோம்பி 5,000, வண்டி இன்சூரன்சும் சர்வீசும் 4,000, மருத்துவம் 5,000. வருஷத்துக்கு 60,000, மாதத்துக்கு 5,000. எண்களை உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சம்பளம் வந்த அன்றே அந்த 5,000 வேறு வங்கியில், ஏடிஎம் கார்டு வாங்காத ஒரு கணக்குக்குப் போய்விட வேண்டும். 50 சதவீதக் கடன் இருக்கும்போது வட்டி சொற்பமாக வரும் சேமிப்புக் கணக்கில் பணம் வைப்பது மடத்தனம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். கணக்கில் அவர்கள் சொல்வது சரி. நானும் வேலையில் சேர்ந்த புதிதில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1994-ல் என் சம்பளச் சீட்டைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்: ஊழியர் கூட்டுறவுக் கடன், பண்டிகை முன்பணம், பிராவிடன்ட் ஃபண்டு கடன், மூன்றும் பிடித்தது போக மிஞ்சியதை எண்ண விரலே போதும். கடனை வேகமாக அடைத்துவிட்டு ஐப்பசியில் மறுபடி போய் நிற்பேன். இந்தத் தனிக் கணக்கை ஆரம்பித்த வருஷம்தான் அந்தச் சுற்று நின்றது.

மொய் பற்றி ஒரு வார்த்தை. அது செலவில்லை, கடன் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்தே மூலதனம் திரட்டுகிறார்கள். உங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார் எவ்வளவு எழுதினார்களோ அதை அப்படியே திருப்பிச் செய்யுங்கள், இந்த மூன்று வருஷம் கூடுதலாக ஒரு ரூபாய் வேண்டாம். கூடுதலாகச் செய்தால் அது அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் கைமாற்று. கைமாற்றுக் கொடுக்கும் நிலையிலா இருக்கிறீர்கள்?

வாடகையும் வருஷக் கணக்கும் போக மாதத்துக்கு 14,471 நிற்கும். இப்போதைய 19,000-ல் நாலரை ஆயிரம் குறைய வேண்டும். அதில் மூவாயிரம் உங்கள் பட்டியலிலேயே தெரிகிறது: பார்சல், ஹோட்டல் 4,500 என்று இருப்பது 1,500 ஆகட்டும். பூஜ்யம் ஆக்காதீர்கள், பூஜ்யம் மூன்று வாரம்கூடத் தாங்காது. ரேஷன் கார்டில் அரிசி வாங்குவதில்லை என்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் பிடிக்காவிட்டால் இட்லி தோசை மாவுக்கு ஆகும்; துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 என்று அங்கே கிடைப்பதை வெளியில் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். கரண்ட் பில் 520, 530 யூனிட் என்று வருகிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதாவது 501-வது யூனிட் ஒன்றே ஒன்றுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரைப் பார்க்கிற பழக்கம் வந்தால் போதும். மனைவி வெளியே போகும்போது டவுன் பஸ், அது அவருக்கு இலவசம். மற்றபடி டீயை நிறுத்துங்கள், பேப்பரை நிறுத்துங்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு உத்தி மட்டும். பத்து ரூபாய், முப்பது ரூபாய் என்று யுபிஐயில் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் ஸ்டேட்மென்டில் அது மூன்று பக்கம். யுபிஐ ஆப்பிலேயே தனிப் பணப்பை மாதிரி இருக்கும் யுபிஐ லைட்டில் ஒரு சமயம் ஐயாயிரம் வரை போட்டு வைக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் வாரச் செலவுக்குரியதை மட்டும் அதில் ஏற்றிக்கொண்டு, கடையில் அதிலிருந்து மட்டும் கொடுங்கள். தீர்ந்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரை வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது. அந்தக் காலத்தில் என் அம்மா அஞ்சறைப் பெட்டியில் வாரத்துக்கு ஒரு குழி என்று பணம் வைத்ததும் இதுதான். வெட்டக்கூடாதது ஒன்று உண்டு: கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் மனைவி, குழந்தை பெயர் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். ஒரு காய்ச்சல், ஒரு வாரம் ஆஸ்பத்திரி, மேலே போட்ட கணக்கெல்லாம் போச்சு.

ஒன்பது மாதத்தில் சீட்டு முடியும். அந்த 5,000 அப்போதிலிருந்து நகைக்கடன் அசலுக்குப் போகட்டும். 24-வது மாதம் கார்டு முடிந்ததும் அதுவும் சேர்ந்து மாதம் 12,239 ஆகும். 30-வது மாதத்தை ஒட்டி நகை வீட்டுக்கு வரும். பிறகு மச்சான் பணம், ஆறு மாதம். அதற்குள் பர்சனல் லோனும் 35-ல் முடிந்திருக்கும். ஆக, இரண்டு வருஷத்தில் முடியாது, மூன்று வருஷம் ஆகும். இரண்டு வருஷத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் கணக்கில் தீபாவளி இருக்காது. உங்கள் போனசும், மனைவிக்கு எட்டாயிரம் வரும் மாதங்களும் நான் சேர்க்காதவை. அவற்றில் பாதியை நகைக்குப் போட்டால் சில மாதம் குறையும். நகையை மீட்பதைவிடக் கொஞ்சத்தை விற்றுவிடுவது மேல் அல்லவா என்று கேட்டால், வட்டிக் கணக்கு விற்கச் சொல்லும். தங்கம் விலை எங்கே போகும் என்று சொல்லக்கூடியவர் யாருமில்லை, அதனால் இதில் நான் அடித்துப் பேசமாட்டேன். பவுன் யாருடையதோ அவர் முடிவு அது.

மச்சானைக் கடைசியில் வைத்திருக்கிறேன், காரணம் வட்டியில்லை. ஆனால் வட்டி இல்லாத கடனில்தான் பேச்சு வார்த்தை நின்றுபோகும். அவரிடம் நேரில் போய், எந்த மாதத்திலிருந்து தொடங்கும் என்று தேதி சொல்லுங்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஐயாயிரமாவது கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆப்காரர்கள் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டது பற்றி எழுதியிருந்தீர்கள். வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, உங்கள் போனில் இருக்கும் மற்றவர் எண்களை எடுக்கக்கூடாது என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கி விதி. பின்னால் எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் இருக்கிறதோ அதற்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மன், உதவிக்கு 14448. பின்னால் யாருமே இல்லாத ஆப் என்றால் அது வேறு கதை, 1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் கொடுங்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று மட்டும் எனக்கு வேண்டும். அந்தச் சீட்டு பதிவு பெற்ற கம்பெனியா, தெருவில் ஒருவர் நடத்துவதா? கம்பெனி என்றால் எடுக்கும்போது ஜாமீன் கேட்பார்கள், அரசு வேலையிலோ நல்ல சம்பளத்திலோ இருக்கும் இரண்டு பேரை இப்போதே பார்த்து வையுங்கள். தெருச் சீட்டு என்றால் தள்ளு பத்துக்குப் பதில் பதினைந்தே ஆனாலும் வருகிற ஏலத்திலேயே எடுத்துவிடுங்கள். கணக்கை அதற்குத் தக்கபடி நான் மாற்றி எழுதித் தருகிறேன்.